அந்த வாளியை யார் சுமப்பது?

(செவிலியர் கல்லூரி ஒன்றின் ஆண்டுச் சொற்பொழிவாக, ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'சர்வதேசத் தன்னார்வலர்' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து என் மருமகள் சிரித்துவிட்டாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 32 வருஷம், முதலில் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும், தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். ஊரில் எனக்கு 'நர்ஸம்மா' என்று ஒரே பெயர்தான். 2018இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷம் ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டுக்குப் போய் 9 மாதம் சுகாதாரப் பாடம் நடத்திவிட்டு வந்தேன். இந்தப் பட்டம் அந்த 9 மாதத்துக்கு. 32 வருஷத்துக்கு அழைப்பிதழில் இடம் போதவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை.

பிள்ளைகளே, உங்களில் பலருக்கு வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போக ஆசை என்று கல்லூரி முதல்வர் அம்மா சொன்னார். வெளியே மேசைமேல் விண்ணப்பப் படிவங்கள் அடுக்கியிருப்பதையும் பார்த்தேன். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நான் அங்கே போய் அசடு வழிந்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் மலாவியில் இறங்கியது 2019 ஜூன். அந்த மார்ச்சில்தான் இடாய் புயல் தென்பகுதியை வெள்ளக்காடாக்கிவிட்டுப் போயிருந்தது. ஒரு தொடக்கப்பள்ளியிலும் அதைச் சுற்றியிருந்த நாலு குடியிருப்புகளிலும் கை கழுவுவது, கக்கூஸ் பழக்கம், குடிதண்ணீரை மூடி வைப்பது, இவற்றைச் சொல்லித் தருவது என் வேலை. 1994இல் அந்த நாட்டில் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார்கள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் கொள்ளாத பிள்ளைகள். என் ஒன்றாம் வகுப்பு மாமரத்தடியில் நடந்தது. எண்ணிப் பார்த்தால் 140 தலை.

முதல் மாதம் பாடம் பிரமாதமாக நடந்தது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற தண்ணீர், சோப்பு, விரலிடுக்கு, நகக்கண், புறங்கை, 20 விநாடி. பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடினார்கள். என்னை அனுப்பிய அமைப்பிலிருந்து ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஒருநாள் சாயங்காலம் தாய்மார் கூட்டம். அதே பாடத்தை நடத்தி முடித்தேன். மடியில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் கை தூக்கினாள். "அமாயி" என்றாள். அங்கே பேசும் சிச்சேவா மொழியில் அது அம்மா. அவள் பேசியதை என்னோடு வந்த சுகாதார உதவியாளர் மொழிபெயர்த்தார்.

"என் வீட்டில் 6 பேர். நீங்கள் சொல்கிறபடி ஆளுக்கு நாளைக்கு 5 தடவை கழுவினால், தடவைக்கு இந்தக் குவளை அளவு தண்ணீர் வேண்டும்." கையிலிருந்த அரை லிட்டர் குவளையைத் தூக்கிக் காட்டினாள். "மொத்தம் முக்கால் வாளி. அந்த வாளியை யார் சுமப்பது? நீங்களா, நானா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ராத்திரி கொசுவலைக்குள் படுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 பேர், 5 தடவை, அரை லிட்டர்: 15 லிட்டர். அவர்கள் தலையில் தூக்குவது 20 லிட்டர் வாளி. முக்கால் வாளி சரிதான். அடிபம்புக்கு நடை அரை மணி, வரிசையில் காத்திருப்பு ஒரு மணி. செப்டம்பர், அக்டோபரில் பம்பு வெறும் காற்றைத்தான் அடிக்கும். என் பாட்டில் இதெல்லாம் ஒரு வரிகூட இல்லை.

'நர்ஸம்மா, இது உங்களுக்குத் தெரியாதா' என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகத் தெரியும். தண்ணீர் லாரி வரும் நாளில் எந்தத் தெருவுக்கும் தடுப்பூசிக்குப் போகக்கூடாது, தாய்மார் குடத்தோடு நிற்பார்கள் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு இங்கே இரண்டு வருஷம் ஆனது. அப்படித் தெரிந்தவள் அங்கே போய் மறந்துவிட்டேன். விமானத்தில் ஏறினால் ஒரு மிதப்பு வருகிறது. இங்கே நாம் எந்தத் தெருவில் நின்றோம் என்பது கீழே எங்கோ சின்னதாகத் தெரிகிறது.

என் முட்டாள்தனத்துக்கு முன்னோடிகள் உண்டு. பெரு நாட்டின் இகா பள்ளத்தாக்கில் லாஸ் மோலினோஸ் என்று ஒரு சிற்றூர், 200 குடும்பம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டு அரசு சுகாதாரப் பணியாளர் ஒருவர் 2 வருஷம் வீடு வீடாக நடந்தார். மருத்துவரும் வந்து பேசினார். முடிவில் புதிதாகக் கொதிக்கவைக்கத் தொடங்கியவை 11 குடும்பங்கள். ஏன் இப்படி என்று விசாரித்து எட்வர்ட் வெலின் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1955இல் எழுதியது இன்றும் பொதுச் சுகாதார வகுப்புகளில் பாடமாக இருக்கிறது.

காரணத்தைச் சொன்னால் உங்கள் பாட்டிக்குச் சட்டென்று புரியும். பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று நாம் சொல்கிறோமே, அந்த ஊரிலும் ஒவ்வொரு பொருளுக்கும் அப்படிக் குணம் உண்டு. பச்சைத் தண்ணீர் குளிர்ச்சி. நோயாளிக்குக் குளிர்ச்சி ஆகாது. காய்ச்சினால் அந்தக் குளிர்ச்சி போய்விடும். ஆகவே காய்ச்சிய தண்ணீர் நோயாளிக்கு உரியது. நன்றாக இருக்கிற ஒருத்தி அதைக் குடித்தால், இவளுக்கு என்னவோ வியாதி என்று ஊர் பேசும். பணியாளர் கிருமியைப் பற்றிப் பேசினார். ஊர் அதைக் குளிர்ச்சியைப் பற்றிய பேச்சாகக் கேட்டது. விறகுச் செலவு வேறு. காலையில் சமைத்து இறக்கிவிட்டு வயலுக்கு ஓடுகிறவள் இன்னொரு பானையை எப்போது ஏற்றுவாள்?

மலாவிக்கே வருகிறேன். அங்கே சாப்பாடு ந்சீமா. மக்காச்சோள மாவில் கிண்டிய களி. நம் கேழ்வரகுக் களிக்கு வெள்ளைத் தங்கச்சி. கையால்தான் சாப்பிடுவார்கள், எனக்கு அதில் பெரிய நிம்மதி. ஆனால் பல வீடுகளில் ஒரே சட்டித் தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராகக் கை நனைப்பார்கள். பெரியவர் முதலில், பிள்ளைகள் கடைசியில். கடைசிப் பிள்ளைக்கு வரும்போது அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டில் சட்டி என்னிடம் வந்தது. "இது சுத்தமில்லை, ஊற்றித்தான் கழுவ வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரியின் முகம் சுண்டிப்போனது. அன்றைக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை.

திரும்பும்போது அந்த உதவியாளர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "அமாயி, கௌரவமான விருந்தாளி வந்தால் எங்கள் ஊரில் இளையவர் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்து, குவளையிலிருந்து கையில் தண்ணீர் ஊற்றுவார். முதல் வாரம் முழுக்க உங்களுக்கு அப்படித்தான் ஊற்றினார்கள், நீங்கள் கவனிக்கவில்லை. இப்போது நீங்கள் எங்கள் மனுஷி ஆகிவிட்டீர்கள் என்றுதான் சட்டியைக் கொடுத்தார்கள். ஊற்றிக் கழுவுவது எங்களுக்குத் தெரியும். அதைப் பிள்ளைகளுக்கும் செய்யலாமே என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்."

அவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. மலாவியில் 'சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர்' என்று ஒரு பதவி உண்டு; ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. பள்ளிப்படிப்பு, சில வாரப் பயிற்சி, ஒரு சைக்கிள். தடுப்பூசி, எடை பார்ப்பது, கிணற்றுக்கு குளோரின், காலரா வந்தால் வீடு வீடாகப் போவது எல்லாம் அவர்கள் தலையில். நம்மூர் கிராம செவிலியரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எடுத்த விமானச் சீட்டின் விலையில் அவருக்குப் பல மாதச் சம்பளம் கொடுத்திருக்கலாம். இதை அமைப்பின் கூட்டத்தில் சொன்னேன். குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து பாடம் அவருடையது. பக்கத்தில் நிற்கிற ஆள் நான். பிள்ளைகளுக்கு ஊற்றிவிடும் பேச்சை அவர் எடுத்ததும் தாய்மார் முகத்தில் சண்டை இல்லை. வாளிக் கணக்குக்கும் அங்கேயே விடை இருந்தது. இரண்டு கம்புக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கேனைத் தொங்கவிட்டு, கழுத்தில் கயிறு கட்டி, மறுமுனையில் ஒரு மிதிகட்டை. மிதித்தால் கேன் சாயும். ஆணியால் போட்ட ஓட்டை வழியாக நூல்போலத் தண்ணீர் ஒழுகும். யார் கையும் கேனில் படாது, தண்ணீரும் கொஞ்சமே செலவாகும். ஆப்பிரிக்கக் கிராமங்களில் பல வருஷமாகப் புழங்குகிற பொருள் இது. கானாவில் வெரோனிகா பெக்கோ என்ற உயிரியலாளர், ஆய்வகத்தில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் கை கழுவுவதைப் பார்த்துவிட்டு, வாளியின் அடிப்பக்கத்தில் குழாய் பொருத்தினார். அது 'வெரோனிகா வாளி' என்று அவர் பெயராலேயே பரவி, 2014இல் எபோலா காலத்திலும் பிறகு கொரோனா காலத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவில் வாசலுக்கு வாசல் நின்றது. நாங்கள் கட்டியவற்றில் எல்லாம் பிழைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒன்றின் கயிற்றை ஆடு தின்றது. சோப்பைக் காக்கை தூக்கியது. இரண்டு மூன்று வீட்டில் கேனை எடுத்து எண்ணெய் வாங்கப் போய்விட்டார்கள்.

இன்னொரு விஷயம், பயம். 2017இல் தெற்கு மலாவியில் ரத்தம் உறிஞ்சுகிறவர்கள் நடமாடுகிறார்கள் என்று வதந்தி கிளம்பி, கும்பல்கள் ஆட்களை அடித்துக் கொன்றன. முலாஞ்சே, பலோம்பே மாவட்டங்களிலிருந்து ஐ.நா. தன் ஊழியர்களையே வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து நான் நோட்டும் பேனாவுமாக வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன நோய் என்று கேட்டுக்கொண்டு போய் நிற்கிறேன். அவர்கள் கதவை மூடினால் அதை அறியாமை என்று சொல்வீர்களா? கினியா நாட்டில் வோமே என்ற கிராமத்தில் 2014 செப்டம்பரில் எபோலாவைப் பற்றி விளக்கப் போன குழுவில் 8 பேர் கொல்லப்பட்டார்கள். உள்ளூர் அதிகாரிகள், சுகாதார ஊழியர்கள், பத்திரிகையாளர்கள். அந்த நாட்டு மனிதர்கள்தான். நோயைக் கொண்டுவந்தவர்கள் என்றே ஊர் அவர்களை நினைத்தது. நல்ல செய்தியோடு போகிறோம் என்பது நமக்குத்தான் தெரியும். ஊருக்குத் தெரிவது முகம் மட்டும்.

சரியாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் நீட்டிச் சொல்லப் போவது இதைத்தான், கொட்டாவி விடாதீர்கள்.

டாக்காவில் ஒரு காலரா ஆய்வுக்கூடம் இருந்தது. 1960களின் கடைசியில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க மருத்துவர்கள் அங்கே வந்து வேலை பார்த்தார்கள். உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியே கொடுத்தே காலரா நோயாளியைக் காப்பாற்றலாம் என்று 1968இல் காட்டினார்கள். 1971 வங்கதேசப் போரின்போது பங்கான் அகதி முகாமில் கல்கத்தா மருத்துவர் திலீப் மகலனபிஸ், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலைமையில், அந்தக் கரைசலை உறவினர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். 100க்கு 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4க்கும் கீழே இறங்கியது. நீங்கள் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பூர்வீகம் இதுதான்.

மருந்து கிடைத்துவிட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுசேர்ப்பது யார்? ஃபஸ்லே ஹசன் ஆபேத் தொடங்கிய பிராக் என்ற வங்கதேச அமைப்பு, சுல்லா பகுதியில் முயற்சி செய்து பார்த்துவிட்டு, 1980இல் நாடு முழுக்க இறங்கியது. பொட்டலம் கொடுக்கவில்லை. மூன்று விரலில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். லொபோன்-குர் என்று பெயர். உள்ளூர்ப் பெண்களையே பழக்கி வீட்டுக்கு வீடு அனுப்பினார்கள். அந்தப் பெண் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, தாயின் கையாலேயே கலக்க வைப்பாள். உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் தாய்மார் கலந்ததை ஆய்வகத்துக்கு அனுப்பியும் பார்த்தார்கள்.

கூலி கொடுத்த விதம்தான் எனக்குப் பிடித்த இடம். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்டுப் பணம் கொடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்க்கு என்ன நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கிறாளா என்று சோதிப்பார். தாய் வாங்கும் மதிப்பெண்தான் சொல்லிக்கொடுத்தவளின் கூலி. தாய்க்கு ஒன்றும் நினைவில்லை என்றால் கூலி கிடையாது. நம் வாத்தியார்களுக்கு இந்தச் சம்பளத் திட்டம் வந்தால்... சரி, வேண்டாம், முன்வரிசையில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் முதலில் தோற்றார்கள். தாய்மாருக்குக் கலக்கத் தெரிந்தது. குழந்தைக்கு வயிற்றால் போனால் கலக்கவில்லை. விசாரித்தார்கள். சொல்லிக்கொடுத்த பெண்களுக்கே அதில் நம்பிக்கையில்லை. தங்களுக்கு வயிறு கெட்டால் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் காலரா மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டுபோய், துவண்டு கிடக்கும் குழந்தை கரைசல் குடித்து எழுந்து உட்காருவதைக் கண்ணால் காண வைத்தார்கள். ஆண்களிடம் யாருமே பேசவில்லை என்பதும் தெரியவந்தது. கணவனும் மாமனாரும் 'வெல்லத் தண்ணீரா மருந்து?' என்று கேட்டால் மருமகள் என்ன செய்வாள்? ஆண்களைக் கூட்டிச் சந்தையிலும் மசூதிப் பக்கத்திலும் பேசத் தொடங்கினார்கள். 10 வருஷத்தில் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் போய் வந்தார்கள். வாய்வழிக் கரைசலை உலகிலேயே அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்று இன்று வங்கதேசம்.

ரிச்சர்ட் கேஷ் இந்த வேலையிலும் கூடவே இருந்தார். ஆனால் முற்றத்தில் உட்கார்ந்து உப்பைக் கிள்ளிக் காட்டியவர் அவர் இல்லை. அளந்து பார்ப்பது, தப்பு எங்கே என்று தேடுவது, எழுதிவைப்பது இவற்றில் துணை நின்றார். வெளியிலிருந்து போகிறவருக்கு உரிய இடம் அது என்றே நான் நினைக்கிறேன். முற்றம் அந்த ஊர்க்காரியுடையது.

பாடம் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பும் வேண்டாம். நான் திரும்பி வந்தபின், 2022இல் தொடங்கி மறு வருஷம்வரை மலாவியை அதன் வரலாற்றிலேயே மோசமான காலரா தாக்கியது. 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். புயல் வெள்ளம், உடைந்த கிணறு, குழாய் போகாத ஊர். சுத்தமான தண்ணீர் வராத இடத்தில் கை கழுவும் பாட்டு எவ்வளவு தூரம் காப்பாற்றும்? நம்முடைய பாட்டைக் காட்டி ஓர் அரசு குழாய் போடாமல் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

காலரா என்றதும் ஹைத்தியும் நினைவுக்கு வருகிறது. 2010 ஜனவரியில் அங்கே பூகம்பம். உலகமே உதவப் போனது. அக்டோபரில் காலரா பரவியது, அதற்கு முன் நூறு வருஷமாக அந்த நாடு கண்டிராத நோய். மிரபாலே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததுதான் மூலம் என்று ஆய்வுகள் காட்டின. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் ஹைத்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆகவே பிள்ளைகளா, எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நான் தங்கும் இடத்தின் கக்கூஸ் எங்கே போய்ச் சேருகிறது? இன்னொன்று, இங்கே உங்களுக்கு அனுமதி இல்லாத எதையும் அங்கேயும் செய்யாதீர்கள். முதலாம் ஆண்டு மாணவி அங்கே பிரசவம் பார்த்ததாகப் படம் போடுகிறார்கள். அந்தத் தாய்க்கு அவள் யார் என்று தெரியாது. எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

நாம் எப்போதும் கொடுக்கப் போகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நமக்கும் ஒருவர் வந்தார். அமெரிக்காவில் வூஸ்டர் நகரத்துக்காரர், சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் பார்த்தார், மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். படித்தவர்கள் அரசாங்க வேலை தேடி வெளியூர் போனார்கள். கிராமம் கிராமமாகவே கிடந்தது. 1860களில் அவர் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவன் தமிழ் ஊரிலேயே இருப்பான் என்பது அவர் கணக்கு. தன் மாணவர்களையே துணைக்கு வைத்துக்கொண்டு உடற்கூறு, பிரசவம், அறுவை, வேதியியல் என்று 4,000 பக்கங்களுக்கு மேல் தமிழில் கொண்டுவந்தார். வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர். மாணவர்கள் கோட்டும் சட்டையுமாக மாறுவதையும் அவர் விரும்பவில்லை. 1873இல் ஊர் திரும்பி 1884இல் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதுதான் வூஸ்டரில் அவர் கல்லறையில் பொறித்த அடையாளம். அவர் மதம் பரப்ப வந்தவர், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மொழியைப் படித்தார், இருபது வருஷம் கிட்ட இருந்தார், போகும்போது மருத்துவர்களை விட்டுவிட்டுப் போனார். நான் 9 மாதம் இருந்து கற்ற சிச்சேவா, வணக்கம் சொல்லவும் மரியாதைப் பன்மையில் பேசவும் போதுமானது. அங்கேயும் பெரியவர்களை ஒருமையில் அழைத்தால் முகம் சுளிப்பார்கள். அந்த ஓர் இலக்கணம் மட்டும் எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது.

நேரம் ஆகிவிட்டது, மணியைப் பார்க்கிறார்கள். படிவம் வெளியே மேசையில் இருக்கிறது. நிரப்புகிறவர்கள் நிரப்புங்கள், ஆனால் இன்றைக்கு வேண்டாம். வருகிற புதன்கிழமை தடுப்பூசி நாள். உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குக் காலை எட்டு மணிக்கே போய், அங்கே இருக்கும் நர்ஸம்மாவோடு சாயங்காலம்வரை நடந்துவிட்டு வாருங்கள். அவர் எந்த வீட்டு வாசலில் நிற்கிறார், எந்த வீட்டுக்குள் போகிறார் என்று பாருங்கள். பெட்டியை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள், அது கனமாக இருக்கும்.